ஊசி கறுக்கும் கை

எங்கள் வீட்டில் ஊசிகளுக்கு நடக்கிற சவரட்சணையில் பாதி எனக்கு நடந்திருந்தால், இந்த வயதில் எனக்கு முட்டிவலி வந்திருக்காது. சாயங்காலம் ஆனால் போதும், என் பெரிய நாத்தனார் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றைக்குத் தைத்த ஊசிகளைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடாத குறையாகக் கவனிப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேசக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் கையிலிருக்கிற ஊசியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். பெரியவள் அவருக்கு அக்கா, சின்னவள் தங்கை. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவர்களுடைய அம்மா போன பிறகு முன்னறையில் தையல் வேலை எடுத்துப் பிழைத்தார்கள். நான் வாழ வந்தபோது அந்த அறை எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது: கண்ணாடி போட்ட நீள மேஜை, இரண்டு நாற்காலி, துணி தொங்கவிட ஒரு கம்பி.

சின்னவளுடையது கைத்தையல். மெஷினில் ஓட்டுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் வெள்ளைப் பட்டில் மணப்பெண் உடுப்பு, கண்ணுக்கே தெரியாமல் ஓரம் மடித்து அடிப்பது, கழுத்தைச் சுற்றி மணி கோப்பது என்றால் இவளைத்தான் தேடி வருவார்கள். அந்தத் திறமையில் நான் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் வாயில்தான். யாரையும் தூக்கியெறிந்து பேசுவாள். இதை நான் சொன்னால் என் வீட்டுக்காரர், "உன் வாய்க்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்பார். அவளுக்கு நான் வைத்த பெயர் மகாராணி. முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

பெரியவளுக்குத் தைக்க வராது. அவள் போட்ட தையல் ஒரு காலை நொண்டிக்கொண்டு போகும். அதனால் அவள் நூல் கோப்பாள், துணி மடிப்பாள், ஊசி பார்ப்பாள். ஊசி பார்ப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். முதலில் மெத்தென்ற பழந்துணியால் ஒவ்வொன்றையும் காதிலிருந்து முனைப்பக்கமாகத் துடைப்பாள். அப்புறம் கத்தி சாணை பிடிக்கிறவரிடம் வாங்கிய கறுப்புப் பொடியை இறுக்கி அடைத்துத் தைத்த ஒரு குட்டிப் பை இருக்கும், கட்டைவிரல் அளவு. அதற்குள் ஊசியைக் குத்திக் குத்தி எடுப்பாள். கறை, துரு எல்லாம் அதில் போய்விடும். பிறகு ஒரு பட்டுத் துண்டின்மேல் முனையை இழுத்துப் பார்ப்பாள். இழை எங்காவது மாட்டினால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம், உடனே சாணைக்கல்லில் இரண்டு தேய். ஊசிக் காதுக்குள் நூலை விட்டு முன்னும் பின்னும் இழுப்பாள். உள்ளே பிசிறு இருந்தால் தைக்கும்போது நூலைத் தின்றுவிடுமாம். மேஜைக் கண்ணாடியில் உருட்டி வளைவு பார்ப்பாள். கடைசியில் துளி மெஷின் எண்ணெய் தடவித் துடைத்து, ஒரு கம்பளித் துண்டில் குத்தி வைப்பாள். பஞ்சுத் திண்டில் வைக்கவே மாட்டாள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பாள்.

காலையில் அந்த ஊசிகளை வேண்டாத துணியில் நாலு தடவை ஓட்டி எண்ணெயை எடுத்துவிட்டு, எல்லாவற்றிலும் நூல் கோத்து, மேஜைமேல் வரிசையாக அடுக்குவாள். சின்னவள் ஒன்றை எடுப்பாள், நூல் தீரும்வரை தைப்பாள், அப்படியே போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். போட்டது மேஜையில் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் பெரியவள் அதை எடுத்திருப்பாள். சாயங்காலம் சின்னவள் கடைசி ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு முகம் கழுவ எழுந்து போவாள். அதை உருவி எடுப்பதும் பெரியவள்தான். இத்தனை வருஷத்தில் சின்னவள் ஒரு ஊசியைத் துடைத்தோ, இடம் பார்த்துக் குத்தி வைத்தோ நான் பார்த்ததில்லை.

பார்க்கிறவர்களுக்கு இது மகாராணியும் வேலைக்காரியும் மாதிரித்தான் தெரியும். சின்னவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மணப்பெண்ணின் அம்மா ஒருத்தி வந்து, "உங்க அக்காவும் தைப்பாங்களா?" என்று கேட்டாள்.

"அவளா? அவளுக்கு ஊசி தேய்க்கத்தான் தெரியும்," என்றாள் சின்னவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளுக்கும் பொழுது போகணும்ல. தேய்ச்சுக்கிட்டுக் கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

அந்த அம்மா சிரித்தாள். பெரியவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து சின்னவள் அவளைத் "தேய்ப்பு" என்றே கூப்பிட ஆரம்பித்தாள். தேய்ப்பு, கத்தரி எங்க. தேய்ப்பு, லைட்டப் போடு. வருகிற ஆட்கள் முன்னாலும் அப்படித்தான். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏங்க்கா, பதிலுக்கு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்னப் பொண்ணு, விடு," என்றாள் பெரியவள். சின்னப் பொண்ணுக்கு அப்போதே காதோரம் நரைத்திருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் பெரிய நகரத்துக் கடை வந்து மோதியது. மணப்பெண் உடுப்புக்கென்றே உள்ள கடை அது. மாடியில் ஒரு கூடம் முழுக்கப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் தைப்பார்களாம். அந்தக் கூடத்துக்குப் பொறுப்பான மேஸ்திரியம்மா எங்கேயோ ஒரு கல்யாணத்தில் சின்னவள் தைத்த உடுப்பைப் பார்த்திருக்கிறார். எங்களுக்கும் அவர்களுக்கும் நூல் கொடுக்கிற நூல்கடைக்காரர்தான் சேதியைக் கொண்டுவந்தார். கொஞ்ச நாள் வந்து தைக்கட்டும், பிடித்தால் தங்க இடமும் கொடுத்து வைத்துக்கொள்கிறோம் என்று.

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. நூல்கடைக்காரருக்கு அவளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள், அதுவே ஓர் அதிசயம். அவர் டீயை ஊதிக்கொண்டே அந்தக் கூடத்தின் கட்டுதிட்டங்களைச் சொன்னார்.

"அங்க ஆளுக்கு ஒரே ஊசிதான். சேர்ற அன்னிக்கு அந்தம்மா கையால குடுப்பாங்க. போகும்போது அதே ஊசியைத் திருப்பிக் குடுக்கணும். உடைஞ்சா ரெண்டு துண்டையும் காட்டினாத்தான் வேற. ஊசித்துண்டு துணியில தங்கிப்போய்க் கல்யாணப் பொண்ணு உடம்புல குத்திடுச்சுன்னா கடை பேர் என்ன ஆகும்? அந்தம்மா தையலைக்கூட அப்புறந்தான் பார்ப்பாங்க, முதல்ல ஊசியைத்தான் பார்ப்பாங்க."

நூல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஒரே ஊசியா?"

"ஒரே ஊசிதாம்மா."

 மறுநாள் பெரியவள் உட்கார்ந்து என்னவோ தைக்க ஆரம்பித்தாள். நொண்டித் தையலில் புதிதாக ஒரு பொடிப்பை, முகப்பவுடர் போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு துணிமுடிச்சு, சுருட்டிய கம்பளித் துண்டு ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டினாள்.

"என்னக்கா இது, சீதனமா?" என்றேன்.

"அவ கிளம்பும்போது குடுத்து விடணும். ஒரு விஷயம் சொல்லணும் அவகிட்ட. இத்தனை நாள் சொல்லல." அப்போது அவள் முகத்தில் இருந்தது பயம் என்று நினைக்கிறேன். தங்கைக்கு என்ன ஆகுமோ என்கிற நிஜமான பயம். பின்னால் நடந்ததை வைத்து அந்த முகத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் முன்னறையில் இருந்தோம். சின்னவள் பெட்டி அடுக்கி முடித்துவிட்டு, பெரிய தீர்ப்பு சொல்கிறவள் மாதிரி நடு அறையில் நின்றாள்.

"அண்ணே, இந்த ரூமை வாடகைக்கு விட்டுடு. நானே இல்லேன்னா இங்க என்ன இருக்கு?"

"அக்கா இருக்காளே," என்றார் என் வீட்டுக்காரர்.

"அவ இங்க உட்கார்ந்து என்ன பண்ணப்போறா? அண்ணிக்கு அடுப்படியில ஒத்தாசையா இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கட்டும். தேய்க்கிறதுதான் அவளுக்கு நல்லா வரும்."

என் வீட்டுக்காரர் சிரித்துத் தொலைத்தார். அந்த மனுஷருக்கு எந்த இடத்தில் சிரிக்கக் கூடாதோ அந்த இடத்தில்தான் சிரிப்பு வரும். சின்னவள் அத்தோடு விடவில்லை. மேஜைமேல் இருந்த பழைய பொடிப்பையை இரண்டு விரலால் தூக்கி, "இந்த அழுக்கு மூட்டை இனிமே யாருக்கு?" என்று வெட்டுத்துணி போடும் குப்பைக் கூடையில் எறிந்தாள்.

பெரியவள் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வெளியே போகிற பழக்கம் இல்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த நாற்காலியும் எதிர் நாற்காலியில் ஒரு தங்கையும்தான். இரண்டையும் ஒரே பேச்சில் பிடுங்கினால் மனுஷி என்ன ஆவாள்? அழுவாள் என்று பார்த்தேன். அவள் அழவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் சின்னவள் குளிக்கப் போயிருந்தபோது பெரியவள் அவளுடைய பெட்டியைத் திறப்பதைப் பார்த்தேன். பொட்டலத்தை வைக்கிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை, எடுத்தாள். முன்னமே வைத்திருந்ததை எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டு பெட்டியை மூடினாள்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது கேட்டேன். "என்னவோ சொல்லணும்னீங்களே, சொல்லிட்டீங்களா?"

"மறந்துட்டேன்," என்றாள் பெரியவள். ஒரு ஊசியை எங்கே வைத்தோம் என்று இன்றுவரை மறக்காதவள்.

வீட்டுக்கு வந்ததும் குப்பைக் கூடையைக் கவிழ்த்து அந்தப் பழைய பொடிப்பையைத் தேடி எடுத்தாள். தட்டித் தூசு போக்கினாள். அப்புறம் என்னை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

"அவ கை வேர்க்கும்," என்றாள்.

"யாருக்குத்தான் வேர்க்கல?"

"இது அந்த வேர்வை இல்ல. அவ கை பட்டா இரும்பு தாங்காது. காலையில எடுத்த ஊசி மத்தியானம் கறுத்துடும். அப்படியே விட்டா மறுநாள் துரு. வெள்ளைத் துணியில பட்டா போகவே போகாது. அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. இந்தக் கையோட தையலுக்கு வராதேன்னு சொல்ல இருந்தாங்க. இவளுக்கு ஊசின்னா உயிரு. நான்தான், அவகிட்ட சொல்லாதீங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்னு சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த வரிசை ஊசிகள், சின்னவள் போட்ட நிமிஷமே எடுப்பது, சாயங்காலம் துணியிலிருந்து உருவுவது, கறுத்தது தங்கையின் கண்ணில் படுவதற்குள் வெளுத்து வைப்பது. இவள் இத்தனை வருஷம் தேய்த்தது ஊசியை இல்லை, தங்கையின் கையை. 

"அங்க ஒரே ஊசின்னு சொன்னாரேக்கா."

"ஆமா."

"அவமானப்பட்டு நிப்பாளே."

"நிப்பா," என்றாள்.

அவள் வாயாடிதான், திமிர் பிடித்தவள்தான். அதற்காக ஒரு பொம்பளை ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் போய்க் கூனிக் குறுகி நிற்பதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போனை எடுத்தேன். பெரியவள் தடுக்கவில்லை. "ஸ்பீக்கர்ல போடு," என்று மட்டும் சொன்னாள்.

சின்னவள் எடுத்தாள். நான் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். கை வேர்க்கிறது, பவுடர் போட்டுக்கொள், அடிக்கடி ஊசியைத் துடை, ராத்திரி துணியிலேயே விட்டுவிடாதே என்று.  அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"யாரு, தேய்ப்பு சொன்னாளா? வயித்தெரிச்சல், அண்ணி. வேறென்ன? இத்தனை வருஷம் தைக்கிறேன், என் கையில ஒரு ஊசி கறுத்து நான் பார்த்ததில்ல. அடுப்படியில வேலை கிடக்கும், போய்ப் பார்க்கச் சொல்லுங்க அவளை."

போனை வைத்துவிட்டாள். நான் பெரியவளைப் பார்த்தேன்.

"கறுத்துப் பார்த்ததில்லையாம்," என்றாள் பெரியவள். "எப்படிப் பார்ப்பா?" அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரிக்கிற அந்தச் சிரிப்பு இல்லை. இது அவளுடைய சொந்தச் சிரிப்பு, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாட்களில் தைக்க ஆள் இல்லை, பார்க்க ஊசியும் இல்லை. இருந்தாலும் பெரியவள் சாயங்காலமானால் உட்கார்ந்தாள். ஏற்கனவே பளபளவென்று இருந்த ஊசிகளை எடுத்து மறுபடி பொடியில் குத்தினாள். கம்பளியில் வைத்தாள். எடுத்தாள். வாடகைக்கு ஆள் பார்க்கலாமா என்று என் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தபோது, "இரு, அவ வந்துடுவா," என்றாள்.

வந்துவிட்டாள். சொன்ன கெடு முடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். நடுப்பகலில் வாசலில் பெட்டியோடு நின்றவளைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பாமல் நேரே பாத்ரூமுக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கை கழுவுகிற சத்தம் நிற்கவே இல்லை. அப்புறம் அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்க சொன்னது நிஜம்," என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. போன மறுநாளே ஊசி துணியில் இறங்க மறுத்திருக்கிறது. கிறீச் கிறீச்சென்று பிடித்திருக்கிறது. மட்ட ஊசி என்று நினைத்து வேறு கேட்டிருக்கிறாள், கொடுக்கவில்லை. மணப்பெண் உடுப்பின் முன்பக்கம், நெஞ்சுக்கு நேரே வருகிற இடத்தை அவளை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் மற்றவர்களெல்லாம் தங்கள் தங்கள் ஊசியைத் துடைத்து மேஜை இழுப்பறையில் இருந்த கம்பளித் துண்டில் குத்திவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். இவள் என்றைக்கும்போலக் கடைசித் தையலில் ஊசியை விட்டுவிட்டு முகம் கழுவ எழுந்து போயிருக்கிறாள்.

"யாராவது எடுத்துடுவாங்கன்னு நினைச்சியா?" என்று கேட்டேன்.

"நினைக்கவே இல்ல, அண்ணி. ஊசின்னா அதுவா போய் இடத்துல இருக்கும்னு..." என்று இழுத்தாள்.

விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் ஊசி பட்டைக் கவ்விப் பிடித்திருந்திருக்கிறது. திருகித்தான் எடுத்தார்களாம். எடுத்த இடத்தில் நெஞ்சுக்கு நேராக ஒரு துருப் பொட்டு. மேஸ்திரியம்மா திட்டவில்லை. இவளை எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, கூடத்தில் இருந்த எல்லாப் பெண்களையும் வரிசையாக வந்து அந்த உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட கை எப்படி இருக்கும் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"ஒருத்தி தொட்டுட்டு விரலைத் தன் உடுப்புல துடைச்சுக்கிட்டா, அண்ணி," என்றாள். அதைச் சொல்லும்போதுதான் உடைந்து அழுதாள்.

அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "கடைசியில அந்தம்மா கேட்டாங்க. இந்தக் கையை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் வெள்ளைப் பட்டு தைச்சிருக்கியே, உனக்கு ஊசி பார்த்தது யாருன்னு. அக்கான்னேன். அவளை அனுப்பு, என் கூடத்து ஊசி எல்லாத்துக்கும் அவதான் பொறுப்பு, வந்தா நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன்னாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று, நனைந்த துணி மாதிரி இருந்தது. "அவகிட்ட சொல்லிடாதீங்க, அண்ணி. அவளும் போயிட்டா நான் ஒண்ணுமே இல்ல."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே ஒழிய வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் முன்னறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா," என்றாள். அந்த வார்த்தை அவள் வாயில் வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றாள் பெரியவள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"போன்ல சொன்னோமே. அடுப்படி வேலையைப் பார்க்கச் சொன்னே."

 இனி இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், நான் போய் டீ வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். கூடப்பிறந்தவர்கள்தானே.

"கையைக் காட்டு," என்றாள் பெரியவள்.

சின்னவள் நீட்டினாள். பெரியவள் அந்த உள்ளங்கைகளை வெகுநேரம் பார்த்தாள். மடியிலிருந்து பவுடர் முடிச்சை எடுத்து, இரண்டு கையிலும் தட்டி, நூல் கோத்த ஊசி ஒன்றைக் கொடுத்தாள். "உட்காரு, தை," என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மறுநாள் காலையில் ஒரு மணப்பெண்ணும் அவள் அம்மாவும் அளவு கொடுக்க வந்திருந்தார்கள். சின்னவள் ஊசி எடுக்கக் கையை நீட்டினாள். பெரியவள் தன் கையால் அந்த வரிசையை மூடினாள்.

"கையைக் காட்டு."

"இப்பத்தான் துடைச்சேன்க்கா."

"காட்டு."

சின்னவள் காட்டினாள். மணப்பெண்ணின் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "கையில என்னங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் பெரியவள், பதமாக, பாசமாக. "இவ கை பட்டா ஊசி துருப்பிடிச்சுடும். உங்களுது வெள்ளைப் பட்டாச்சே. அதான் ஒவ்வொரு தடவையும் பார்த்துட்டுக் குடுக்கிறேன். நீங்க வேணா தொட்டுப் பாருங்களேன்."

அந்த அம்மா தயங்கினாள். பிறகு தொட்டாள். மகளும் தொட்டாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் கதவு கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் அடுப்படியில் பேசிய ஒவ்வொரு சொல்லும் பெரியவள் காதில் விழுந்திருக்கிறது.

அன்று ஆரம்பித்தது நிற்கவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் கையைக் காட்ட வேண்டும். ஆள் இல்லாதபோது பெரியவள் பேசாமல் ஊசியைக் கொடுத்துவிடுவாள். ஆள் வந்துவிட்டால்தான் கேட்பாள். வருகிறவர்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள், தையல் நன்றாக இருக்கிறதே. ஆனால் இப்போது தையலைப் பார்ப்பதற்கு முன்னால் சின்னவளின் கையைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் துணியிலிருந்து ஊசியைத் தானே உருவி, தானே துடைத்து, அக்காவிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். சாப்பிடும்போது கூட இடது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷமாக அந்த வாய் அடங்கினால் போதும் என்று கரித்துக்கொட்டியவள் நான்தான். அடங்கிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "அக்கா தங்கச்சி விஷயம், நீ தலையிடாதே," என்று பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

அதனால் நானே தலையிட்டேன். சின்னவள் குளிக்கப் போயிருந்த ஒரு காலை நேரத்தில் முன்னறைக்குப் போய்ப் பெரியவளின் எதிரே நின்றேன். அவள் அன்றைய ஊசிகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கடையில உங்களைத்தான் வேலைக்குக் கூப்பிட்டாங்க. அவ சொல்லல."

"தெரியும். அன்னிக்கே கேட்டுது."

"அப்போ போங்க. இங்க இருந்து என்ன கண்டீங்க? அங்க உங்களுக்குன்னு ஒரு இடம், ஒரு மரியாதை. அவளும் இங்க கொஞ்சம் மூச்சு விடுவா."

பெரியவள் ஊசிக் காதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"போறேன். அவ வாயால சொல்லட்டும். அக்கா, உன்னைத்தான் கூப்பிட்டாங்க, நீ போன்னு அவ ஒரு தடவை சொல்லட்டும். அன்னிக்கே கிளம்பிடறேன்."

"அவ சொல்ல மாட்டாக்கா. நீங்க போயிட்டா தனக்கு ஒண்ணுமில்லன்னு பயந்து சாகிறா."

"அது தெரிஞ்சுதான் சொல்றேன்," என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உடுப்பு வாங்க யாரோ வந்திருந்தார்கள், இரண்டு மூன்று பெண்கள், சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். அதே நேரத்தில் சின்னவளும் ஈரத்தலையோடு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வந்தவர்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பெரியவள் கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் மேஜைக்கு மேலே நீட்டினாள்.

பெரியவள் நிமிரவில்லை. "இரு," என்றாள். கையிலிருந்த ஊசிக்கு நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, வரிசையில் வைத்துவிட்டு, அடுத்த ஊசியை எடுத்துக் கோக்க ஆரம்பித்தாள். அந்தக் கைகள் நீட்டினபடியே இருந்தன.